பார்வையாளர் எழுதிக்கொண்டிருக்கிறார்

வெப்சைட்டில் சாட் பாக்ஸ் வைக்கலாம் என்று அண்ணன் முடிவு செய்தபோது, அதற்கு முன்னால் யார் உட்காருவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாரும் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான், அண்ணிக்கும் பாப்பாதான். சாமான் இறக்க வரும் லாரி டிரைவர் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து "பாப்பாக்கா" என்பார். கேஸ் ஹீட்டர் விற்கும் கடை அது. கீழே சுவர் நிறைய ஹீட்டர்கள் மாட்டியிருக்கும். மேலே இரண்டு மேஜை, ஒரு பீரோ, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். விற்பது அண்ணன். வீடுகளில் போய் மாட்டுவது பாப்பாவின் கணவர். போன் எடுப்பது பாப்பா. அண்ணன் அவள் கணவரை "மாப்பிள்ளை" என்பார், அவர் அண்ணனை "மச்சான்" என்பார். பதினாறு வருஷமாக ஒரே தொழிலில் இருந்தும் இருவருக்கும் கைகலப்பு வந்ததில்லை என்பதே குடும்பத்தில் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

வெப்சைட் செய்து கொடுத்த பெண் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி விளக்கினாள்.

"சைட்டுக்கு ஆள் வராம இல்ல சார். வர்றாங்க, பாக்கறாங்க, போயிடறாங்க. கடைக்குள்ள வந்தவங்களை 'வாங்க'ன்னு சொல்ல ஆளில்லாத மாதிரி இருக்கு. மூலையில இந்தப் பெட்டி இருந்தா கேக்கத் தோணும். கேட்டவங்க பாதிப் பேர் வாங்குவாங்க."

அந்த "வாங்க" அண்ணனுக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் பேரும் போன் நம்பரும் கொடுத்தால்தான் பெட்டி திறக்கும் என்று வைத்தார்கள். ஒரு வாரம் ஈ காக்கா வரவில்லை. அண்ணன் பொறுமை இழந்தார்.

"வாசல்லயே நிறுத்தி ஊர் பேரெல்லாம் விசாரிச்சா எவன் உள்ள வருவான்? அதை எடுத்துரும்மா. வர்றவன் சும்மா வரட்டும்."

எடுத்ததும் வர ஆரம்பித்தார்கள். பேர் கேட்கவில்லை என்பதால் திரையில் ஒவ்வொருவரும் "பார்வையாளர்" என்றே தெரிந்தார்கள். ஒருவர் "நீ மெஷினா மனுஷனா" என்று கேட்டார். பாப்பா "மனுஷிதான்" என்று அடித்ததும் "அப்ப கல்யாணம் ஆயிடுச்சா" என்றார். இன்னொருவர் எல்லா ஹீட்டர் விலையையும் வரிசையாகக் கேட்டுவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் போனார். எதிர்த் தெருக் கடைக்காரன்தான் அது என்று அண்ணன் சத்தியம் செய்தார். பாப்பாவுக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் வேடிக்கை. எதிராளி டைப் செய்யும்போது அடியில் "பார்வையாளர் எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு வரி வந்து துடிக்கும். அது துடிக்கும்போதெல்லாம் அவளுக்கு என்ன வரப் போகிறதோ என்று இருக்கும்.

மழை விட்டும் விடாமலும் தூறிய ஒரு காலையில் அந்த வரி துடித்தது. அண்ணன் கீழே யாருக்கோ ஹீட்டரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஹலோ. சின்ன சந்தேகம். இதுக்குப் போய் போன் பண்ணி ஆளைத் தொந்தரவு பண்ணணுமான்னு யோசிச்சேன். அப்புறம் இந்தப் பெட்டியைப் பார்த்தேன்."

பாப்பா தயாராக வைத்திருந்த பதிலைத் தட்டினாள். "வணக்கம்! உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி. என்ன உதவி வேண்டும்?"

"உங்க ஹீட்டர்தான் வச்சிருக்கோம். முன்னெல்லாம் தீ நீலமா எரியும். ரெண்டு நாளா மஞ்சளா எரியுது. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா சரியான்னு தெரியல."

அடுத்த தயார் பதில், சர்வீஸ் பதிவு செய்வது எப்படி என்பது. அதன் மேல் வைத்த விரலைப் பாப்பா எடுத்துவிட்டாள். மஞ்சள் தீ என்று போன் வந்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போகிற ஆள் அவள் கணவர். ஏன் இந்த அவசரம் என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். "தீக்குக் காத்து பத்தலன்னு அர்த்தம். அப்ப வர்ற புகைக்கு வாசனை கிடையாது. தெரியாமலே ஆளைச் சாச்சுரும்" என்று அவர் சொன்னதை அவள் மறந்ததில்லை.

"ஹீட்டர் எங்க மாட்டியிருக்கு?"

"பாத்ரூமுக்குள்ள."

"ஜன்னல் திறந்திருக்கா?"

"குளிர் தாங்கலன்னு போன வாரம்தான் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைச்சேன். இப்ப துளிக் காத்து வராது."

அந்த வரியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஹீட்டர் தலையிலேருந்து ஒரு பெரிய பைப் சுவர் வழியா வெளிய போகணும். இருக்கா? படம் இருந்தா அனுப்புங்க."

"நான் குளிச்சுட்டு வரும்போது தீயைப் படம் எடுத்தேன். பாருங்க."

படம் வந்தது. கரும்பச்சை டைல்ஸ். வெள்ளை ஹீட்டர். கீழே சின்னக் கண்ணாடிக்குள் மஞ்சளாக நாக்கு நாக்காகத் தீ. மேலே பைப் இல்லை. பைப் மாட்ட வேண்டிய வட்டத் துளை, மூடாமல் திறந்த வாயாக இருந்தது.

"இப்ப ஹீட்டர் ஓடுதா?"

"ஓடுது. வீட்டம்மா குளிக்கறா."

"எவ்வளவு நேரமா?"

"நிறைய நேரம் ஆச்சு. அவ எப்பவும் அப்படித்தான். உள்ள போனா வெளிய வர மனசு வராது. எனக்குத்தான் காலைலேருந்து தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. லீவு போட்டுட்டேன்."

பாப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நின்றுகொண்டே அடித்தாள். எழுத்துப் பிழை வந்தது, திருத்தவில்லை.

"உடனே சிலிண்டரை மூடுங்க. வாசக் கதவு ஜன்னல் எல்லாம் திறங்க. அவங்களைக் கூப்பிடுங்க. இப்பவே."

வரி துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

"கூப்பிட்டேன். தண்ணி சத்தம் கேக்குது. பதில் இல்ல."

"கதவை உடைங்க. விஷப் புகை. உங்களுக்கும் அதான் தலைவலி. உங்க போன் நம்பர் சொல்லுங்க. அட்ரஸ் சொல்லுங்க."

"உள்ள தாழ்ப்பாள். கால்"

அதற்கு மேல் இல்லை. அடியில் வரி துடிக்கவில்லை. பச்சைப் புள்ளி மட்டும், ஆள் இன்னும் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா."

அவள் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு அண்ணன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். ஏறும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. "என்ன பாப்பா, ஆர்டரா?" என்று கேட்டபடி திரையைப் பார்த்தவர், மேலிருந்து கீழாகப் படித்தார். படித்து முடிக்கும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்காங்க?"

"தெரியல."

"நம்பர்?"

"இல்ல."

நம்பர் கேட்கும் கட்டத்தை யார் எடுக்கச் சொன்னது என்று இருவருக்கும் தெரியும். அண்ணன் வெப்சைட் பெண்ணைப் போனில் பிடித்தார். எந்த ஊர், எந்த வகைப் போன், அதற்கு மேல் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது என்றாள் அவள். இந்த ஊர்தான். இந்த ஊரில் எத்தனை வீடு.

பாப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கேஸ் டியூப் சேரும் இடத்தில் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் முனை உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. அடுத்த தடவை பிரிக்க சுலபமாக இருக்கும் என்று அப்படி மடிப்பவர் ஒருவர்தான். வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டுக்குக்கூட அவர் அப்படித்தான் டேப் ஒட்டுவார்.

படத்தைக் கணவருக்கு அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள்.

"சொல்லும்மா."

"ஒரு படம் அனுப்பியிருக்கேன். பச்சை டைல்ஸ். அது எந்த வீடு?"

அவர் பார்க்கும் நேரம் கடந்தது. பார்த்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கடந்தது. பின்னணியில் யார் வீட்டுக் குழாயிலோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"இது நான் மாட்டினது மாதிரி தெரியலையே."

"என்னங்க. டேப் உங்களுது. உள்ள ஒரு பொம்பளை குளிச்சிட்டிருக்கா. பதில் இல்ல. வெளிய இருக்கற ஆளும் இப்ப பதில் சொல்லல. எந்த வீடு?"

கையிலிருந்த ஸ்பேனரை அவர் கீழே போடும் சத்தம் கேட்டது.

"பழைய தபாலாபீசுக்குப் பின்னாடி. மஞ்சள் பில்டிங். மூணாவது மாடி, படியேறினா இடது பக்கம். கீழ ஒரு மருந்துக்கடை." பிறகு குரல் மாறியது. "நான் பக்கத்துலதான் இருக்கேன். போறேன்." போன் துண்டிக்கப்பட்டது.

அண்ணன் ஆம்புலன்சுக்குப் பேசினார். பேசும்போது தெருப் பேரை இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னார். அதை வைத்த கையோடு மருந்துக்கடை நம்பரைத் தேடிப் பிடித்தார். கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. "ஹீட்டர் கம்பெனியா? எங்களுக்கு ஹீட்டர் வேண்டாங்க" என்றார்.

"ஐயா, விக்கறதுக்குப் பண்ணல. உங்க மேல மூணாவது மாடியில ரெண்டு உயிர் போயிட்டிருக்கு. ஓடிப் போய்க் கதவைத் தட்டுங்க. போனை வைக்காதீங்க."

கடைக்காரர் ஓடினார். ஸ்பீக்கரில் படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. காலிங்பெல் கேட்டது. கை கொண்டு தட்டுவது கேட்டது.

"தொறக்கல சார். வெளிய கம்பிக் கதவு வேற. உள்ளேருந்து பூட்டியிருக்கு. உள்ள ஏதோ போன்ல 'டிங் டிங்'னு சத்தம் வருது."

பாப்பா அடித்துக்கொண்டேயிருந்தாள். அந்தச் சத்தம் அவள் அனுப்புவது. ஒவ்வொரு செய்திக்கும் அங்கே போன் ஒலிக்கிறது என்று தெரிந்ததும் வேகத்தைக் கூட்டினாள். "எழுந்திரிங்க." "எழுந்திரிங்க சார்." "ஜன்னலைத் திறங்க." பிறகு வார்த்தை யோசிக்க நேரமில்லாமல் வெறும் புள்ளிகள், வெறும் "ஆ", "ஆ". அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று, "விடாத பாப்பா, விடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே கடையில் காத்திருந்த வாடிக்கையாளர் இருமிப் பார்த்தார், "யாராவது இருக்கீங்களா" என்றார், போய்விட்டார்.

ஒரு தடவை மட்டும் அடியில் அந்த வரி வந்தது. பார்வையாளர் எழுதிக்கொண்டிருக்கிறார். பாப்பா கையைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தாள். "ககககக" என்று வந்தது. விரல் அழுந்தியதா, அவர் ஏதோ சொல்ல நினைத்தாரா என்று தெரியவில்லை. அதன் பிறகு மீண்டும் ஒன்றுமில்லை.

ஸ்பீக்கரில் வேறு செருப்புச் சத்தம் கேட்டது, வேகமாக. "தள்ளுங்க தள்ளுங்க" என்று பாப்பாவின் கணவர் குரல். இரும்பில் இரும்பு மோதும் சத்தம். மருந்துக்கடைக்காரர் எதையோ பிடிக்கப் போய்ப் போனை நழுவவிட்டிருக்க வேண்டும். டொக்கென்று விழுந்து, லைன் போயிற்று.

திரும்பக் கூப்பிட்டால் மணி மட்டும் அடித்தது. கணவர் போனும் அப்படியே. மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் பாப்பா. மழை வலுத்து ஜன்னல் வழியாக உள்ளே தெறித்தது. இருவரும் போய் மூடவில்லை.

வரி துடித்தது.

"நான்தான்."

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் போன் வண்டியில மாட்டியிருக்கு. இது அவர் போன். சிலிண்டர் மூடியாச்சு. பாத்ரூம் கதவு பேத்தாச்சு. ரெண்டு பேருக்கும் மூச்சு இருக்கு. அவர் கண் முழிக்கறார். அம்மா முழிக்கல. மாடிப்படிக்குத் தூக்கிட்டு வந்துட்டோம். ஆம்புலன்ஸ் எங்க?"

"வந்துட்டிருக்கு" என்று பாப்பா அடித்தாள். அடித்து முடிக்கும்போதே, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறது என்று அங்கிருந்து வந்தது. அதற்கப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள்.

பெட்டியில் எழுதிய அந்தப் பார்வையாளர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குக் கண் திறக்கவே இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் கடையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் அண்ணன் பாப்பாவின் கணவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே வந்தார்.

"பைப் ஏன் போடல மாப்பிள்ளை?"

"வாடகை வீடு. சுவத்துல ஓட்டை போட்டா ஓனர் கத்துவான்னார். பேசிட்டுச் சொல்றேன், இப்போதைக்கு மாட்டிட்டுப் போங்கன்னார். அப்ப ஜன்னல் திறந்துதான் இருந்தது. நானும் சரின்னு..." அவர் முடிக்கவில்லை.

"அப்ப வேண்டாம்னது அவங்க." அண்ணன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. "அதை எழுதி வாங்கினீங்களா?"

"இல்ல."

"சரி. போலீஸ் கேட்டா இதைத்தான் சொல்லணும். வேற எதுவும் பேச வேண்டாம்." பாப்பாவின் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டியையும் எடுத்துரலாம். அதுல பேசினதெல்லாம் அழிச்சுரச் சொல்றேன். நாளைக்கு எவனாவது இதைத் தூக்கிட்டு வந்து நிப்பான்."

பாப்பா கணவரைப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்ரூம் கதவைப் பேர்த்தபோது கிழித்த காயத்தில் பிளாஸ்திரி.

"இதே மாதிரி வேற எத்தனை வீட்டுல விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அண்ணன், "பாப்பா" என்றார் எச்சரிக்கிற குரலில்.

"நான் அவரைக் கேக்கறேன்."

அவர் விரல் மடக்கி எண்ணினார். "ஞாபகம் இருக்கற வரைக்கும் ஏழெட்டு இருக்கும்."

அண்ணன் போனை எடுத்து வெப்சைட் பெண்ணை அழைத்தார். சாட்டில் வந்ததை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் சார், ஆனா எதுக்கு என்று அவள் கேட்பது பாப்பாவுக்கே கேட்டது. பாப்பா அண்ணன் கையிலிருந்து போனை வாங்கினாள். பிறந்ததிலிருந்து அண்ணன் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை.

"ஒரு எழுத்துகூட அழிக்காதீங்க" என்றாள். "பிரிண்ட் எடுக்கறது எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரியிடம் அதன் ஒரு பிரதியைக் கொடுத்தாள். அண்ணன் வாசல் வரை வந்தார், உள்ளே வரவில்லை. "சொந்தத் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கற" என்று மட்டும் சொன்னார்.

நூலகர் பேசும் நிலைக்கு வந்ததும், பாப்பாவின் கணவர் அவரைப் பார்க்க வேண்டும் என்றார். பாப்பாவும் கூடப் போனாள். பெரிய வார்டு. ஓரத்துக் கட்டில். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நூலகர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர் ஸ்டூலில். பாப்பாவின் கணவர் கட்டில் கால்பக்கம் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பைப் போடாம மாட்டியிருக்கக் கூடாது. தெரிஞ்சே விட்டுட்டுப் போனேன். தப்பு என்னுது."

பயிற்சியாளருக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்க சொல்லத்தான் சொன்னீங்க. நான்தான் ஓட்டை வேண்டாம்னேன். டேப் ஒட்டினதும் நான்தான். உங்களை மட்டும் எப்படிச் சொல்றது."

நூலகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் கரகரவென்று, மெல்ல வந்தது.

"ரெண்டு பேரும் பெரிய மனசு பண்ணி ஆளுக்குப் பாதியாப் பங்கு பிரிச்சுக்கறீங்க. நல்லா இருக்கு. ஆனா உள்ள போய்க் குளிச்சது நான்."

பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். நூலகர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் பாப்பாவிடம் திரும்பினார்.

"இப்படி வேற யார் வீட்டுல இருக்கு?"

"ஏழெட்டு வீடு."

"போய்ப் பார்த்தாச்சா?"

"இல்ல."

"அப்புறம் இங்க நின்னு என்ன பண்றீங்க?"

பாப்பாவும் கணவரும் வார்டை விட்டு வெளியே வந்தபோது நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார்கள். அவர் ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல, பாப்பா போன் செய்தாள். வெப்சைட் பெண் அன்றைக்கே பெட்டியின் முகப்பை மாற்றினாள். சைட்டைத் திறந்ததும் விற்பனைப் பேச்சு எதுவும் வராது. "எங்கள் ஹீட்டர் உங்கள் வீட்டில் இருக்கிறதா? புகைக் குழாய் சுவர் வழியாக வெளியே போகிறதா? இல்லையென்றால் இப்போதே அணைத்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்" என்று வரும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஊரைக் கூட்டி நம்மையே திட்டச் சொல்வது போல இருக்கிறது என்றார். எதிர்த் தெருக் கடைக்காரன் அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினான். வியாபாரம் பாதியாகக் குறைந்தது. பாப்பாவின் கணவர் மேல் வழக்குப் பதிவானது. அது முடியும்வரை தனியாகப் போய் எதையும் மாட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது.

தனியாகப் போகக் கூடாது என்பதால் அண்ணன்தான் கூடப் போக வேண்டியிருந்தது. முதல் வீட்டுக்கு வண்டியில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, ஊமைகள் மாதிரி போனார்கள். "டிரில்." "இந்தா." "பைப்." "இந்தா." அவ்வளவுதான் பேச்சு. அந்த வீட்டில் பாத்ரூமைத் திறந்தபோது, ஹீட்டருக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சின்ன டப் கவிழ்த்து வைத்திருந்ததாம். அண்ணன் டிரில்லைத் தானே வாங்கிச் சுவரில் வைத்து அழுத்தினார் என்று அன்று ராத்திரி கணவர் பாப்பாவிடம் சொன்னார். கடைக்கு வந்ததும் அண்ணன் பாப்பாவிடம், "அடுத்த வீட்டு அட்ரஸ் குடு" என்றார். அந்தப் பிரிண்ட் விஷயத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

நூலகர் வீடு திரும்பிய வாரம், ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிச் செய்தி வந்தது. மூவருமே போனார்கள். ஜன்னலில் டேப்பெல்லாம் பிய்த்தெறியப்பட்டு, கண்ணாடியில் பசை மட்டும் கோடு கோடாக இருந்தது. நூலகர் சுவரைப் பிடித்தபடி பாத்ரூம் வாசலில் நின்று, ஒவ்வொரு ஸ்க்ரூவும் வெளியே வருவதைப் பார்த்தார். அவருக்கு இன்னும் வார்த்தைகள் சில நேரம் தடுக்குகின்றன என்றும், ஞாபகம் நழுவுகிறது என்றும், முழுசாகச் சரியாகுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை என்றும் பயிற்சியாளர் சமையலறையில் வைத்துப் பாப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கிளம்பும்போது நூலகர் கேட்டார். "அந்த வீடுங்க எல்லாம் முடிஞ்சுதா?"

"ஒண்ணு பாக்கி" என்றார் பாப்பாவின் கணவர். "காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னு தெரியல."

"ஹீட்டரைக் கழட்டி எடுத்துட்டுப் போனாங்களா?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பாப்பாவைப் பார்த்தார். போன ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்களே தவிர, இதை யாரும் யோசிக்கவில்லை. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போயிருந்தார்கள். இரண்டு தடவையும் பூட்டியிருந்தது.

படியிறங்கும்போதே பாப்பா பழைய குடியிருப்பாளரின் ஆபீசுக்கு மறுபடி போன் செய்து, முன்பு தர மறுத்தவர்களிடம் கெஞ்சி அவர் நம்பரை வாங்கினாள். எடுத்தவர் சாவகாசமாகப் பேசினார். "ஹீட்டரா? அதை அங்கயே விட்டுட்டு வந்துட்டோங்க. புதுசா யாரோ குடி வந்திருக்கறதா ஓனர் சொன்னாரு."

கழற்றிய ஹீட்டரை மருந்துக்கடையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். அண்ணன் ஒரு வண்டி, பாப்பாவும் கணவரும் ஒரு வண்டி. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கணவர் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டார். பாப்பா அவர் தோளில் கை வைத்தாள், அதைத் தவிர அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

இந்தத் தடவை பூட்டு இல்லை. கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாதி பிரித்த அட்டைப்பெட்டிகள், சுருட்டிய பாய், சுவரோரம் கட்டில் கால்கள். இடுப்பில் துண்டோடு ஒரு ஆள் பாத்ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, "யார் நீங்க?" என்றார். ஒரு கையில் தீப்பெட்டி.

"பத்த வைக்காதீங்க" என்றார் பாப்பாவின் கணவர் வாசலிலிருந்தே.

"இன்னும் சிலிண்டரே வரல. இது வேலை செய்யுமான்னு பாத்துட்டிருந்தேன். எதுக்கு?"

அண்ணன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஏதோ பாத்திரம் நசுங்கும் சத்தம் கேட்டது. பாப்பாவின் கணவர் பையை இறக்கி டிரில்லை எடுத்தார். அவசரத்தில் துளை போடும் பிட்டை மாட்ட முடியவில்லை. பாப்பா அதை வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டு, துண்டோடு நின்ற மனிதரிடம் திரும்பி, அவர்கள் யார், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.